பன்றிக் கொட்டகையில் பால் காய்ச்சினோம்

போன வாரம் மன்னார்குடி பக்கத்தில் ஒரு பன்றிக் கொட்டகையில் உட்கார்ந்து வாழை இலையில் கேசரி சாப்பிட்டேன். பட்டு வேட்டி கட்டியிருந்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஐயர். எதிரே ஒரு பசு மாடு.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். எனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

என் தங்கை வசந்தியின் கணவர் இளங்கோ சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் வயலை ஒட்டிப் புது வீடு கட்ட ஆரம்பித்தார். அதோடு நின்றாரா? வீட்டுக்குப் பின்னால் வெண்பன்றிப் பண்ணையும் ஆரம்பித்தார். சொந்தபந்தம் ஆடிப்போய்விட்டது. "பன்னி மேய்க்கிறதுக்கா பிளேன் ஏறி வந்தான்?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா, டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வசந்தியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ஈத்து நல்லபடியாக வந்து குட்டிகள் பிழைத்துவிட்டால் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் மறுபடி சிங்கப்பூர். பழைய கம்பெனியிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். என் தங்கையோ கல்யாணமானதிலிருந்து வீடியோ காலிலேயே குடும்பம் நடத்தியவள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே அவளுக்கு இன்னும் புதுசு. பாவம், அவளுடைய மொத்த இல்லற வாழ்க்கையும் ஒரு பன்றியின் வயிற்றில் இருந்தது.

அந்தப் பன்றிக்கு மகாராணி என்று பெயர் வைத்ததும் வசந்திதான். வேறென்ன வைப்பாள்?

மகாராணி குட்டி போடுவதற்கென்றே மாப்பிள்ளை தனி அறை கட்டினார். கால்நடை டாக்டரம்மா சொன்னது ஒன்று விடவில்லை. வழுக்காத சொரசொர சிமென்ட் தரை. சுவர் ஓரமாக ஒரு சாண் தள்ளி, தாழ்வாக இரும்புக் குழாய் — தாய் தொப்பென்று படுக்கும்போது குட்டிகள் நசுங்காமல் அதற்குக் கீழே ஒதுங்கிக்கொள்ள. மூலையில் குட்டிகள் கதகதப்பாகப் படுக்க பல்பு போட்ட ஒரு பெட்டி. தாய்க்குப் புழுங்கும் என்று மேலே ஃபேன். போகிற போக்கில் வாஸ்துவும் பார்த்துவிட்டார். நான் குடியிருக்கும் ஃபிளாட்டில் இதில் பாதி வசதி கிடையாது.

"குட்டி போடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்த ரூமுக்கு மாத்திடுங்க. இடம் பழகணும்" என்றார் டாக்டரம்மா.

அங்கேதான் வந்தது வினை. அந்த ஒரு வாரம்... ஆடியில் விழுந்தது.

"ஆடியில யாராச்சும் புது வீட்டுக்குக் குடி போவாங்களா மச்சான்?" என்று என்னிடம் கேட்டார் மாப்பிள்ளை.

"மாப்ள, அது பன்னி."

"இருக்கட்டும். முதல் முதலா ஆரம்பிக்கிறோம்ல? ஆவணி முதல் முகூர்த்தத்துல நம்ம வீட்டுக்கு கிரகப்பிரவேசம். அதே நேரத்துல அதையும் அங்க விட்டுடுவோம்."

இத்தனைக்கும் மனிதர் டிப்ளமோ மெக்கானிக்கல். நான் சிரித்தேன். ஆனால் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? நல்ல நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றுக்கொள்கிற குடும்பம்தானே நம்முடையது! மகாராணி வீட்டில் மட்டும்தான் காலண்டர் இல்லை.

ஆவணி வந்தது. முகூர்த்த நாளும் வந்தது. விடிந்ததும் பெரிய பித்தளை அண்டாவில் சீர் சாமான்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன். பந்தல், வாழைமரம், மாவிலைத் தோரணம் என்று வாசல் களைகட்டியிருந்தது. புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டிய பசு மாடு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. மாட்டுக்காரர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "மன்னார்குடியில பாதி வீட்டுக்கு இதுதாங்க முதல்ல நுழைஞ்சிருக்கு. பயப்படாது."

ஆனாலும் ஹாலில் கண்ணாடி மாதிரி டைல்ஸ். மாடு வழுக்கி விழுந்தால் அபசகுனம் ஆகிவிடுமே? அதனால் முந்தின நாள் சாயங்காலமே தரை முழுக்க வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் குட்டி போடப் போகிற பன்றி வைக்கோலைத் தேடித் தேடிச் சேர்த்துப் படுக்கை போடும் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஐயர் கை காட்டினார். மாடு வாசற்படியில் கால் வைத்தது. ஒரு தடவை மோந்து பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள். ம்ஹூம்.

உள்ளே எட்டிப் பார்த்தோம். ஹாலில் ஒரு துரும்பு வைக்கோல் இல்லை. எல்லாம் மாஸ்டர் பெட்ரூமில் குவிந்திருந்தது. கூடவே தோரணம் கட்டியதில் மிஞ்சிய மாவிலை, பாதி வாழைமரம், யாருடையதோ ஒரு ஜமக்காளம். நடுவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் மகாராணி. பழைய பட்டியின் படலை எப்போது முட்டித் தள்ளினாளோ, கொல்லைக் கதவு வழியாக எப்போது நுழைந்தாளோ தெரியாது. எங்களுக்கு முன்னால் கிரகப்பிரவேசத்தை முடித்திருந்தாள்.

"கட்டி இழுத்து வெளியில தள்ளுங்கடா" என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளை டாக்டரம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "இப்ப அதை நகர்த்தாதீங்க. மிரண்டுச்சுன்னா குட்டி மேலயே படுத்துடும். ஒண்ணும் மிஞ்சாது."

மாப்பிள்ளை வசந்தியைப் பார்த்தார். கனவு கண்டு கட்டிய வீடு. வாசலில் ஊரே நிற்கிறது. ஒரு பக்கம் முகூர்த்தம், ஒரு பக்கம் பன்றி. நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

வசந்தி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அது இங்கயே இருக்கட்டும். ஐயரே, முகூர்த்தம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"போயிண்டே இருக்கும்மா. இந்த வீட்டுலதான் பால் காய்ச்சணும்னு இல்லே. புதுசாக் கட்டின இடமா, இன்னும் யாரும் புழங்காத இடமா இருந்தாப் போதும். மனை நம்மளோடதா இருக்கணும், அவ்வளவுதான்."

புதிதாகக் கட்டிய இடம். யாரும் புழங்காத இடம். வாஸ்து வேறு பார்த்த இடம்... எல்லாருடைய தலையும் மெல்லக் கொல்லைப் பக்கம் திரும்பியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மாடு கொட்டகைக்குள் கம்பீரமாக நுழைந்தது — சொரசொரத் தரை அல்லவா, வழுக்கவே இல்லை. இரும்புக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். பல்பு மூலையில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தது. எல்லாரும் கும்பிட்டோம்.

இதற்குள் மாப்பிள்ளை பந்தல் மூங்கிலை உருவிக்கொண்டு போய் பெட்ரூம் ஜன்னல் கம்பிகளோடு சேர்த்து, சுவர் ஓரமாகத் தடுப்புக் கட்டிவிட்டார். குட்டிகளுக்குக் கதகதப்பான பெட்டி வேண்டுமே? சுற்றும்முற்றும் பார்த்தார். என் சீர் அண்டா கண்ணில் பட்டது. அதைப் படுக்க வைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, சமையல்காரரிடமிருந்து ஒரு குண்டு பல்பு வாங்கி மாட்டினார். கடையில் தேடித் தேடி எடுத்த அண்டா சார் அது!

நாங்கள் கொட்டகையில் கேசரிக்கு வந்தபோது வீட்டுக்குள் முதல் குட்டி விழுந்தது. மத்தியானத்துக்குள் பதினொன்று. கடைசிக் குட்டி அசையாமல் கிடந்தது. வசந்தி அதைத் தூக்கித் துடைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கட்டியிருந்தது கூறைப்புடவை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஒரு வழியாக அது 'கீக்' என்றது. அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

பெரியப்பா? கொட்டகையில் ஃபேனுக்கு நேர் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தார். "காத்து நல்லா வருது. ஒரு வீடுன்னா இப்படிக் கட்டணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சிய இடத்தில் அன்றைக்குக் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று ஒரு வழக்கம். ஐயர் அதில் மட்டும் கறாராக இருந்துவிட்டார். சாயங்காலம் மாப்பிள்ளை கொட்டகையில் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து போன். வழக்கமான கேள்விதான் — எப்போது வருகிறீர்கள்?

மாப்பிள்ளை மஞ்சள் பூசிய குழாயில் சாய்ந்து உட்கார்ந்தார். "இல்லிங்க சார். இனிமே வர்றதா இல்லை. இன்னிக்குத்தான் புது வீட்டுக்குக் குடி வந்திருக்கோம்."

வசந்தி தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் அந்த ஒரே தலையணைக்கு ரொம்ப நேரம் உறை மாட்டினாள்.

நேற்று போனில் என் அண்டாவைப் பற்றி மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்... இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம், உள்ளே ஆள் இருக்கிறார்கள்.