குடைத்துணி அகற்றப்பட்ட நாள்

கதிர்வீச்சை அளக்கும் அந்தக் கருவியை நான்தான் செய்தேன். கதிர் பட்டால் மினுங்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. அதிலிருந்து மூன்று மீட்டர் ஒளியிழை. மறுமுனையில் அந்த மினுக்கங்களை எண்ணும் குழாய், எண்ணிக்கையைக் காட்டும் பெட்டி. செய்து முடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியில் அப்போது ஆய்வக உதவியாளனாக இருந்தேன். துறைத் தலைவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"டேப்பு ஒட்டுனவன் பேரெல்லாம் போட்டா, கட்டுரை கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிரும்ப்பா," என்றார். விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று அன்றைய டைரியில் எழுதி வைத்தேன்.

இழையும் குழாயும் சேரும் இடத்துக்கு டேப் போதாது. வெளி வெளிச்சம் ஊசிமுனை அளவு நுழைந்தாலும் குழாய் அதையும் கதிரென்று எண்ணிவிடும். அதனால் சிம்மக்கல்லில் வாங்கிய கறுப்புக் குடைத்துணியை அங்கே இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். ஏன் என்று தலைவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை கருவியைப் பார்க்க வந்த காலையில் தலைவர் முகம் சுளித்தார்.

"என்னப்பா இது, எழவு வீட்டுக் கொடி மாதிரி. எடுத்துரு."

"எடுத்துரவா சார்?"

"ஒரு தடவ சொன்னா வெளங்காதா?"

எடுத்தேன்.

இயல்பிலேயே கதிர் வீசும் மணவாளக்குறிச்சிக் கடல்மணலைத் தலைவர் பிளாஸ்டிக் துண்டின் அருகில் வைத்தார். எண்கள் பாய்ந்தன. "பாருங்க மேடம், ஒரு கைப்பிடி மணல்ல எம்புட்டுக் கதிர்னு."

பேராசிரியை மணலை எடுத்துத் தூரத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார். எண்கள் குறையவில்லை. "மணல் இல்லாமலே வருதே சார்?"

தலைவர் பெட்டியைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, டியூப்லைட்டை அணைத்தேன். எண்கள் ஓய்ந்தன.

"வெளிச்சம் கசியுது மேடம். குடைத்துணி சுத்தியிருந்தேன். சார் எடுக்கச் சொன்னாங்க."

"இதைச் செஞ்சது யாரு?"

தலைவரே சொல்லட்டும் என்று இருட்டில் நின்றேன்.

"நம்ம அசிஸ்டென்ட்தான்," என்றார் கடைசியில்.

ஆய்வகக் குறிப்பேட்டில் தினமும் மாலை அவர் கையெழுத்துப் போடவேண்டும். படிக்காமலே போடுவார். அன்று எழுதினேன்: காலை 10.40, துறைத் தலைவரின் உத்தரவுப்படி குடைத்துணி அகற்றப்பட்டது. 11.25, மணல் இல்லாமலும் எண்ணிக்கை குறையவில்லை. காரணம், வெளிச்சக் கசிவு. கருவியைச் செய்தவர் என்று என் பெயரை எழுதினேன்.

அன்று படித்தார். "இதெல்லாம் எழுதணுமாப்பா?"

"நடந்தத நடந்தபடி எழுதணும்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க."

பேனாவை நீட்டினேன். போட்டார்.

மறுநாள் அந்தப் பக்கத்தின் கார்பன் பிரதியைச் சென்னைப் பேராசிரியைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.