ஒரே ஜாடியில் இரண்டு தேவாங்குகள்

ஸ்ரீராம்புரம் ஆஞ்சலாவுக்கு வேலை, செத்த மிருகங்களைப் பார்த்துக்கொள்வது. அவள் மகள் லாவண்யா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மாவின் தொழில் என்ற இடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். ஆனால் அதைவிடச் சரியாக யாராலும் எழுதிவிட முடியாது. பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில், மாடிப்படிக்குப் பின்னால் நீளமாக ஒரு ஹால். பஞ்சு அடைத்த பறவைகள், மலைப்பாம்பின் எலும்புக்கூடு, ஃபார்மலினில் மிதக்கும் நானூற்றுச் சொச்சம் உயிர்கள். அதற்கு அருங்காட்சியகம் என்று பெயர். பத்தொன்பது வருஷமாக அதன் சாவி ஆஞ்சலாவின் இடுப்பில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் அவளை வேலைக்கு வைக்கவில்லை, ஒரு ஏஜென்சி அனுப்பி வைத்திருக்கிறது. அந்த ஏஜென்சிக்கு இவளும் துடைப்பமும் பினாயிலும் ஒரே வரிசை.

ஜாடிகளில் ஃபார்மலின் குறைந்தால் ஊற்ற வேண்டும். பறவைகளின் காலடியில் அந்துருண்டை வைக்க வேண்டும். பாம்பின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயிண்ட் பிரஷால் தூசு தட்ட வேண்டும். இதைச் செய்து செய்து அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்து ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் இவளை இவள் என்று ஒப்புக்கொள்வதில்லை, ஒவ்வொரு மாதமும் தகராறுதான். அந்த ஹாலுக்கு ஈ காக்கை கூட வராத காலத்தில், வகுப்பு நடக்கும்போது வாசலில் நின்று காது கொடுத்தும், மஞ்சள் ஏறிய லேபிள்களை எழுத்துக்கூட்டியும் அவள் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போனவள்தான். ஆனால் எந்த அலமாரியில் எது என்று துறைத் தலைவர் ஜெயராமனே இவளைத்தான் கேட்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பேராசிரியர் வீட்டை விட்டு வருவார்? சாவி வைத்திருக்கிறவள் வந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த வசனம் ஒன்றுதான், தொடாதே என்பது. முதல் இரண்டு மாதம் அதையே சொல்லிப் பார்த்தாள். கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகள் அவளை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அதன்பிறகு வாயைத் திறந்தாள். இருவாச்சிப் பறவையின் முன்னால் நின்று, "இந்தம்மா மரப்பொந்துல போயி கதவைப் பூசிக்கும். புருஷங்காரன் மூணு மாசம் வெளியில நின்னு வாயில பழம் ஊட்டணும். உங்கப்பா ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுப்பாரா?" என்பாள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், கன்னடப் பிள்ளைக்குக் கன்னடம், சாய்பு வீட்டுப் பிள்ளைக்கு அவர்கள் பாஷை. கூட்டம் சேர ஆரம்பித்தது. பிள்ளைகளைக் கூட்டி வந்த பெற்றோர்களும் நின்று கேட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் அட்டெண்டர் இல்லை. மாதத்தின் மிச்ச நாளையெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துத்தான் ஓட்டினாள்.

அவள் சொன்ன நூறு விஷயத்தில் தொண்ணூற்றொன்பது உண்மை. ஒன்று மட்டும் பொய். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஜன்னலோரம் ஒரு ஜாடியில் இரண்டு தேவாங்குகள் இருந்தன. பதிமூன்று வருஷத்துக்கு முன் அவை தனித்தனி ஜாடிகளில் இருந்தவை. சின்னதின் ஜாடி விரிசல் விட்டு ஃபார்மலின் அலமாரியெல்லாம் ஒழுகியது. புது ஜாடி கேட்டு ஆஞ்சலா மூன்று முறை ஆபீசுக்கு நடந்தாள். பட்ஜெட் இல்லை, எங்கேயாவது சமாளி என்றார்கள். சமாளித்தாள். சின்னதைத் தூக்கிப் பெரியதோடு போட்டு மூடினாள். மறுநாள் காலை பார்த்தால் சின்னது சாய்ந்து, அதன் கை பெரியதின் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் கட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் அந்த ஜாடியைத்தான் அதிகம் தட்டினார்கள். பழைய ஜாடி, இதுவும் உடைந்தால் யார் கட்டுவது? ஒருநாள் ஆஞ்சலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தட்டாதீங்கடா. அது அம்மா. காட்டுல நெருப்பு வந்தப்ப கூட புள்ளைய விடாம பிடிச்சிக்கினே செத்துது. நீங்க தட்டுனா பிடி உட்டுரும்." ஹாலே அடங்கிப்போனது. ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியை யாரும் தொடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சுப்ரியா வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள். மக்களை அருங்காட்சியகத்துக்கு இழுப்பதுதான் அவள் வேலை. அதற்கென்று எங்கிருந்தோ நிதியும் வந்திருந்தது. முதல் ஞாயிறே ஆஞ்சலாவின் பின்னால் நின்று முழுதும் கேட்டாள். ஆஞ்சலாக்கா, நீங்கள்தான் இந்த மியூசியமே என்றாள். அடுத்து பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தாள். தேவாங்குக் கதையைக் கேட்டபோது அவளுக்கும் கண் கலங்கியது.

இந்தப் பெண்தான் ஆஞ்சலாவுக்கு ஒரு ஆசையை மூட்டிவிட்டது. பல்கலைக்கழகத்தில் கைடு என்று ஒரு பதவி உண்டாக்கப் போகிறார்கள், ஜெயராமன் சார் ஒப்புக்கொண்டுவிட்டார், அது உங்களுக்குத்தான் என்றாள். ஆஞ்சலா அதை வீட்டில் சொன்னாள். பக்கத்து வீட்டிலும் சொன்னாள். தண்ணீர் லாரிக்கு நிற்கிற வரிசையில் ஒருத்தி, இனிமேல் துடைக்கிற வேலை கிடையாதா என்று கேட்டதற்கு, பேசுறதுதான் வேலை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

பதிவு செய்த பேச்சையெல்லாம் ஒலி வழிகாட்டி ஆக்கினார்கள். ஒவ்வொரு அலமாரியிலும் ஒரு கியூ.ஆர். கோடு. செல்போனை வைத்தால் காதில் கதை சொல்லும். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் போஸ்டர் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு அந்த இரண்டு தேவாங்குகள், மேலே 'ஒரு தாயின் பிடி' என்று மூன்று பாஷையில். டீ கோப்பையிலும் அதே படம், துணிப்பையிலும் அதே படம்.

பிள்ளைகள் கையைக் கட்டிப்போட ஒரு மூலையில் சொன்னது ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆஞ்சலா சுப்ரியாவின் அறைக்குப் போனாள். இவள் வாயைத் திறக்குமுன் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, உங்க ஃபைல் ரிஜிஸ்ட்ரார் டேபிளுக்குப் போயிடுச்சுக்கா என்றாள். விழாவில் துணைவேந்தர் வரும்போது சார் அதைப் பேசுவார் என்றும் சொன்னாள். ஆஞ்சலா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தக் கதையில் அவள் செய்த தப்பு இது ஒன்றுதான், அதை அவளும் மறுத்ததில்லை.

விழாவுக்கு மகள் லாவண்யா மாலில் பில் போடும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். ஆஞ்சலாவுக்குக் காலையிலேயே சேதி வந்தது. இன்றைக்குப் பேச வேண்டாம், அதுதான் ஒலி வழிகாட்டி இருக்கிறதே, டீ ட்ரேயை மட்டும் பார்த்துக்கொள். லாவண்யா இருவாச்சியின் முன் நின்று செல்போனைக் காதில் வைத்தாள். சென்னையிலிருந்து வரவழைத்த ஒரு நாடகக்காரப் பெண் தேன் ஒழுகப் பேசினாள். உங்கள் அப்பா ஒரு டம்ளர் தண்ணீராவது எடுத்துக் கொடுப்பாரா?

"அம்மா, இது உன் பேச்சும்மா," என்றாள் லாவண்யா. "உன் பேரு எங்க?"

பலகையில் பெயர்கள் இருந்தன. கருத்தாக்கம், எழுத்து, குரல், இசை, வடிவமைப்பு என்று பதினான்கு பெயர்கள். லாவண்யா விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள். கைடு போஸ்ட் வரட்டும், பேர் தானா வரும் என்று சொல்லிவிட்டு ஆஞ்சலா ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். ட்ரேயில் இருந்த கோப்பைகளிலும் அந்தத் தேவாங்குகள்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து டென்சில் என்று ஒரு பெரியவர் திறந்துவிடுகிற எல்லா ஞாயிறும் வருவார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தேவாங்குப் பைத்தியம். துமகூரு ரோட்டுப் பக்கத் தோப்புகளில் டார்ச்சோடு திரிந்து தேவாங்கு எண்ணுகிறவர். ஆஞ்சலா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் எங்கேயாவது பட்டாம்பூச்சிப் பக்கம் நின்றிருப்பார். அன்று கதை காதிலேயே வந்துவிட்டதால் ஜாடிக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு காலிலும் கட்டியிருந்த துணிச்சீட்டுகளின் எண் வேறு வேறாக இருந்தது. நல்ல மனுஷர், யாரையும் குறை சொல்ல நினைத்தவரில்லை. சந்தேகம் வந்தால் கேட்காமல் இருக்க முடியாத சுபாவம், அவ்வளவுதான். துணைவேந்தர் பக்கத்தில் நிற்கும்போதே ஜெயராமனிடம் அந்த எண்கள் பதிந்த ரிஜிஸ்டரைக் கேட்டார்.

ரிஜிஸ்டர் வந்தது. பெரியது, ஆண், குடகு, 1974. சின்னது, ஆண், துமகூரு, 1968. அதாவது அம்மா ஆண்பிள்ளை. குட்டி அம்மாவைவிட ஆறு வருஷம் முந்தியே செத்துப்போயிருக்கிறது. யாரோ சிரித்தார்கள். யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். மறுநாள் ஒரு இங்கிலீஷ் பேப்பரின் உள்பக்கத்தில் கால் பத்தி வந்தது.

விசாரணை என்று உட்கார்ந்தார்கள். ஜெயராமன், ஆபீசிலிருந்து இரண்டு பேர், சுப்ரியா. ஆஞ்சலா நின்றாள். பதினான்கு பெயர்களில் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை, அதை யாரும் யாரிடமும் கேட்கவும் இல்லை. இந்தக் கதை யார் சொன்னது என்று மட்டும் கேட்டார்கள். ஊழியர்கள் சொன்னதை அப்படியே பதிவு செய்தேன் என்றாள் சுப்ரியா. இவள் முகத்தைப் பார்க்காமல், மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள். 'அக்கா' அன்றைக்கு 'ஊழியர்' ஆனது. ஆஞ்சலா மறைக்கவில்லை. ஜாடி உடைந்தது, பட்ஜெட் இல்லை என்றது, பிள்ளைகள் தட்டியது எல்லாம் சொன்னாள். பொய்தான் சார் என்றாள். ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டது. கைடு பதவிக்கு எம்.எஸ்சி. முடித்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். ஆஞ்சலாவை ஏஜென்சி வேலையை விட்டு எடுக்க வேண்டாம், ஜாடிகள் இருக்கும் இடம் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் பார்வையாளர்களிடம் பேசக் கூடாது. வாசலில் ஒரு திருத்த அறிவிப்பு வைக்க வேண்டும்.

அந்த அறிவிப்பை ஜெயராமன் அவள் கையிலேயே கொடுத்தார். ஒட்டுகிற வேலை அவளுடையதுதானே. இங்கிலீஷிலும் கன்னடத்திலும் அடித்திருந்தது. ஜாடியைப் பற்றிய தவறான தகவல், அருங்காட்சியக அட்டெண்டர் ஆஞ்சலா என்பவர் அளித்தது, துறை வருந்துகிறது. அவள் கன்னடத்தில் ஒரு முறை படித்தாள். பிறகு கேட்டாள்.

"நூறு கதை சொன்னேன் சார். தொண்ணூத்தொம்போதுக்கு எம்பேரு போடல. இதுக்கு மட்டும் ஏன் சார் போட்டீங்க?"

பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு பையன் மேஜை மேல் புது ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். தேவாங்குகளை உடனே பிரிக்க வேண்டும் என்று வாங்கியதாம். பதிமூன்று வருஷமாக இல்லாத பட்ஜெட் பத்தே நாளில் வந்துவிட்டது. ஆஞ்சலாவுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அறிவிப்பைக் கோணாமல் ஒட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் பெயர் அச்சில் ஏறியது அதுதான் முதல் தடவை. லாவண்யாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம். பேப்பர் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதி. காதில் வயரை மாட்டிக்கொண்டு அலமாரி அலமாரியாக நகர்ந்தார்கள். ஆஞ்சலா வாசல் ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு அம்மா, கையில் சின்னப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு, அறிவிப்பை நின்று நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு இவள் பக்கம் திரும்பி, யார் இந்த ஆஞ்சலா என்று கன்னடத்தில் கேட்டாள்.

ஆஞ்சலா கழுத்தில் தொங்கிய ஏஜென்சி கார்டை எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிவிட்டுக்கொண்டாள். அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்று அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள்.

"நல்லதாச்சு," என்றாள் அந்த அம்மா. "குழந்தைகளிடம் பொய் சொல்கிறவர்களையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறார்கள்?"

ஆமாம் என்று ஆஞ்சலா தலையாட்டினாள்.