என் ஒமாஹா ஆட்டங்களில் பதிவான குரல்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தி இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சீட்டாட்டம் தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அதனால் போன வருடத் தொடக்கத்தில் ஒமாஹா என்கிற போக்கர் ஆட்டத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டபோது, என்னோடு ஆடப்போகிற முகம் தெரியாத ஆட்களை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். அந்தப் பரிதாபம் ஒரு வாரம் நீடித்தது.

காசு வைத்து ஆடுவதில்லை. செயலி தினமும் காலையில் சும்மா கொடுக்கிற வில்லைகளை வைத்து ஆடுவது. அதை வைத்து திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு வடைகூட வாங்க முடியாது. அப்படிப்பட்ட செல்வத்தைக் காப்பாற்றத்தான் தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை முன்னறைச் சோபாவில் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் என்னவோ எளிதுதான். கையில் நாலு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று எடுத்து ஐந்தாக்க வேண்டும். யாருடைய ஐந்து பெரிதோ அவர் ஜெயித்தார். ‘சரியாக இரண்டு’ என்பது கணக்கு வாத்தியாருக்கு விளங்காத சொல் இல்லை. ஆனாலும் ஒருநாள் கையில் ஒரே ஒரு ஆர்ட்டின் ஏஸை வைத்துக்கொண்டு, மேசையில் நாலு ஆர்ட்டின் விழுந்ததும், ஒரே இனமாக ஐந்து ஆர்ட்டின் சேர்ந்துவிட்டது என்று இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன். எவனோ ஒருவன் இரண்டு சின்ன ஆர்ட்டினை வைத்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனான். செயலியில் கோளாறு இருக்கிறது என்று நல்ல ஆங்கிலத்தில் புகார் எழுதினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. மரியாதையாக விதிமுறையை எனக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான்; ஷிப்ட்டுக்கு ஆள் போடுவதும் அவன்தான். கணக்குத் தாளில் இரண்டு தடவை தோற்றவன். அவனும் இதே ஆட்டம் ஆடினான், ஜெயித்தான். இதை எந்த நிகழ்தகவில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஆடறதப் பதிவு பண்ணு வாத்தியாரே” என்றான். “எங்க மில்லுல நூல் அறுந்துச்சுன்னா எதுக்கு அறுந்துச்சுன்னு பாப்போம். நீ முடிச்சப் போட்டுட்டு மறுபடி ஓட்டுற. அது மறுபடி அறுந்துதான போகும்.”

திரையில் நடப்பதைக் கைபேசியே பதிவு செய்துகொள்ளும். ஒலிவாங்கியையும் திறந்து வைக்க வேண்டும் என்றான். ஒவ்வொரு தடவையும் என்ன நினைத்து ஆடுகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டுமாம். “மனசுக்குள்ள நெனச்சா அப்புறமா மாத்திச் சொல்லிருவ. வாயால சொன்னா மாட்டிக்கிருவ.” எனவே நான் சோபாவில் தனியாகப் பேசத் தொடங்கினேன். என் மனைவி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. இரண்டே நாளில் அதற்குப் பழகிவிட்டாள். பதினெட்டு வருடமாக என்னைப் பார்க்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் நண்பன் பைக்கில் வந்துவிடுவான். இரண்டு தலைகளுக்கு நடுவில் கைபேசியை வைத்துக்கொண்டு, நான் பெரிதாகத் தோற்ற சுற்றுகளை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். அங்கங்கே நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பான்: “இந்த எடத்துல என்ன நெனச்ச?” எதிராளி பயந்துவிட்டான் என்று நினைத்தேன் என்பேன். பெரும்பாலும் அதுதான் என் பதில். ‘தவறுகள்’ என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டும் வைத்திருந்தேன். அதன் முதல் ஆறு பக்கத்தில் மற்றவர்கள் செய்த தவறுகள் இருந்தன.

மாதக்கணக்கில் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எனக்குச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கத் தெரியவில்லை. இரண்டு சுற்று ஒதுங்கினால் மூன்றாவது சுற்றில் வருகிற நாலு சீட்டும் கல்யாணப் பெண் மாதிரி அழகாகத் தெரிந்தது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏக பெருமை. கண்டுபிடித்த பிறகும் அப்படியேதான் ஆடினேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சந்தையிலிருந்து கத்தரிக்காயோடு வந்தால், என் சோபாவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஆத்தூரிலிருந்து வந்திருந்தார். காலடியில் துணிப்பை, பக்கத்தில் தலையணை. தலையணையோடு வருகிறவர் சாயங்காலம் கிளம்பமாட்டார் என்பது எனக்கும் தெரியும். “வாங்க மாப்ள” என்று என் வீட்டில் என்னை வரவேற்றார்.

சமையலறைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “எத்தன நாளு?”

“ஒன்றர மாசம். செவ்வாக்கெழம ஒரு கண்ணு ஆப்ரேசன். அது ஆறுனதும் இன்னொண்ணு.”

“யாரக் கேட்டு முடிவு பண்ணுன?”

“உங்களத்தான். மூணு தடவ கேட்டேன். சரின்னீங்க.”

“நடந்திருக்கவே முடியாது” என்றேன். “ஆதாரம் இல்லாம ஒரு வரிகூட எழுதக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவன் நான்.”

அந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. மறுநாளும் சொன்னேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மாமனார் தொந்தரவான மனிதர் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணில் மருந்தோடு பேசாமல் இருப்பார். ஆனால் சோபாவில் இருப்பார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தோற்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு நண்பன் புது யோசனையோடு வந்தான். “பெருசாத் தோத்ததவே பாத்துட்டு இருக்கோம். சும்மா கெடந்த நேரத்துல என்ன பண்ணுனேன்னு பாக்கணும். ஒரு ஆட்டத்த மொதல்லருந்து கடைசி வரைக்கும் போடு. டிவியில போடு, கண்ணு வலிக்குது.” கைபேசியை டிவியோடு இணைத்தேன். டாக்டர் டிவி பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காதுக்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

டிவியில் என் குரல் கேட்டது. “ரெண்டு பத்து இருக்கு. இவன் ஏத்துறான். ஏத்தட்டும்.” பின்னாலிருந்து, தூரத்தில், இன்னொரு குரல்.

“என்னங்க, அப்பாவுக்குக் கண்ணு ஆப்ரேசனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. இங்கயே கூட்டிட்டு வந்துரட்டா?”

“ம்.”

“ஒன்றர மாசம் இருக்கிற மாதிரி ஆகும்.”

“வரட்டும், வரட்டும். எனக்கென்ன பயம்.”

மாமனார் நிமிர்ந்தார். “எம்மக சத்தம்ல கேக்குது.”

நண்பன் பழக்கதோஷத்தில் படத்தை நிறுத்தினான். அதே பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, “இந்த எடத்துல என்ன நெனச்ச?” என்றான்.

சமையலறை வாசலில் மனைவி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். “மூணாவது பத்து வரும்னு நெனச்சேன்” என்றேன். அதுதான் உண்மை. அந்த அறையில் அந்த நேரத்தில் உண்மையால் யாருக்கும் பிரயோசனமில்லை.

நெகிழ்ந்துபோனவர் மாமனார் ஒருவர்தான். “மாப்ளக்கி நான் வாறது பிடிக்கலையோன்னு நெனச்சுட்டேன். ரெண்டு தடவ வரட்டும்னு சொல்லியிருக்காரேம்மா” என்று கண்ணாடிக்கு அடியில் துடைத்துக்கொண்டார். கண்ணைத் தொடக் கூடாது என்று மனைவி அதட்டினாள். பிறகு நண்பனைப் பார்த்து, “இது மாதிரி எத்தன இருக்கு?” என்றாள்.

“எழுவது எம்பது இருக்கும் டீச்சர். எல்லாம் தேதி வாரியா வச்சிருக்கான்” என்றான் அவன். மாணவனைப் பற்றிப் பேசுகிற பெருமை முகத்தில் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து அவள் மறுஆய்வைத் தொடங்கினாள். என் ‘தவறுகள்’ நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். நண்பன் மாதிரி அவள் எதையும் கேட்கவில்லை. நிறுத்துவாள், எழுதுவாள், ஓட்டுவாள். பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தை அடுத்த தடவை எங்கள் வீட்டில் வைக்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன். என் பழைய சைக்கிளைப் பால்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன். அது திருடு போய்விட்டது என்று தெருவில் நாலு பேரிடம் விசாரித்தவனும் நானே. படுக்கையறைக்கு ஊதா நிறம் அடிக்கலாமா என்றதற்கு “அடி, அடி, விடாத” என்றிருந்தேன். தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தில் உப்புச் சரியா என்று கேட்டதற்கு, “பொய் சொல்றான், கையில ஒண்ணுமில்ல” என்று பதில் சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. நானும் சிரித்தேன். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று காட்டிக்கொள்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி, சத்தமாக.

வியாழக்கிழமை மே மாதத்துப் பதிவுகளுக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த மே மாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய பள்ளி நிர்வாகம், வேடசந்தூரில் இருக்கும் தங்கள் இன்னொரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போகச் சொன்னது. அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது எனக்குத் தெரியவந்தது. ‘பொறுப்பு என்றால் ஒரு பயம் இருக்கத்தானே செய்யும்’ என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விடவில்லை. கோடைச் சிறப்பு வகுப்புக்குப் போனபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில், ஐந்து ஆசிரியைகளுக்கு முன்னால், பெண்களுக்கும் தலைமைப் பொறுப்புக்கும் உள்ள உறவு பற்றிச் சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். கணக்கு வாத்தியார் பேசும்போது எப்படித் தலையாட்ட வேண்டுமோ அப்படித் தலையாட்டினார்கள்.

பதிவில் அவள் குரல் பக்கத்திலேயே கேட்டது. சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள்.

“வேடசந்தூருக்கு எச்.எம்மா போகச் சொல்றாங்க. போக வர ரெண்டு மணி நேரம் ஆயிரும். என்னால முடியுமான்னும் தெரியல. என்ன சொல்றீங்க?”

“விட்டுரு” என்றது என் குரல். “இதுல ஒண்ணும் தேறாது. எடுத்தாலும் பாதியில மாட்டிக்கிரும்.”

பிறகு காலடிச் சத்தம்.

அவள் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை போடும்போது குரலைக் கேட்கவில்லை, திரையைப் பார்த்தாள். என் கையில் இரண்டு, ஏழு, ஒன்பது, ராணி. நாலும் நாலு இனம். எந்த மடையனும் கவிழ்த்துவிடுகிற சீட்டு. அந்த மாதத்தில் நான் எடுத்த மிகச் சில சரியான முடிவுகளில் அது ஒன்று. நண்பன் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பான்.

“சீட்டத்தான் சொல்லியிருக்கீங்க” என்றாள்.

“ஆமா.”

“என்னையச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

நாலு மாதம். நான் அப்படிச் சொன்னதாக மனதில் வைத்துக்கொண்டு நாலு மாதம் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எனக்குக் காதுலயே விழலம்மா.”

“விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

காலையில் யார் சமைப்பது என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். “போன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். நாலு நாளாக என் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள். “பொய் சொல்றான், கையில ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள். இந்தத் தடவை இருவரும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமனார் இருமினார். தூங்கவில்லை என்று தெரிவிக்கிற இருமல்.

அன்றைக்கே பள்ளித் தாளாளர் சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தாள். அந்த இடத்துக்கு ஜூனிலேயே ஆள் வந்தாகிவிட்டது. இனி இப்படி ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி கையில் இல்லாதபோது எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மறுநாள் ஆசிரியர் அறையில், என் மே மாதச் சொற்பொழிவு தப்பு என்று சொன்னேன். எந்தச் சொற்பொழிவு என்று கேட்டார்கள்.

மாமனார் இரண்டு கண்ணும் தெளிந்து அக்டோபர் கடைசியில் ஊருக்குப் போனார். மாப்பிள்ளை தங்கமான மனிதர், வாயே திறக்கமாட்டார் என்று ஆத்தூரில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஜனவரியில் சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. வேடசந்தூரில் இருந்தவர் வேறு ஊருக்கு மாறிப் போகிறார். மனைவி சமையலறையில் நின்றபடியே, “வாரேன் சிஸ்டர்” என்றாள். அப்புறம் முன்னறைக்கு வந்தாள். நான் ஆட்டத்தின் நடுவில் இருந்தேன். கையில் இரண்டு ஏஸ், இரண்டு ராஜா; அப்படியொரு சீட்டு எனக்கு அதுவரை வந்ததில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“திங்கக்கெழமை வேடசந்தூருல ஜாயின் பண்றேன்.”

“சரி” என்றேன்.

“நான் கேக்கல. சொன்னேன்.”

இப்போது அவள் காலை ஏழே காலுக்கு மில் ஆட்களோடு பேருந்தில் போகிறாள். சமையல் பாதி என்னுடையது. முதல் மாதம் முழுக்க உருளைக்கிழங்கு. அவள் வீடு திரும்ப ஆறரை மணி ஆகிவிடுவதால், நான் ஆடுகிற நேரத்தில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. தோற்றால் பழிபோடவும் யாரும் இல்லை. ஆட்டம் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது.

போன வாரம் அவள் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். எட்டு வகுப்பு, ஆறு ஆசிரியைகள், அதில் ஒருவர் பிரசவ விடுப்பில். நான் ஒரு தாளை எடுத்துப் பெருக்கி, வகுத்து, இது கணக்குப்படி சாத்தியமே இல்லை என்று நிரூபித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“உங்க சிநேகிதர ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க” என்றாள். “மில்லுல ஷிப்ட்டுக்கு ஆள் போடுறவருக்கு இது தெரியும்.”

அவன் வந்தான். இருபது நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.