சும்மா போவது குற்றமாம்!

போன கிழமை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு பொலிஸ்காரர் என் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

மரியாதையான மனிதர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எங்கே போகிறீர்கள், என்ன விஷயமாகப் போகிறீர்கள்?

இருபது வருடமாக இந்த நாட்டில் கார் ஓடுகிறேன். இருந்தும் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விக்கு, ஊரில் சண்டைக்காலத்தில், சந்திக்குச் சந்தி ஆமிக்காரருக்குப் பதில் சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள். சீருடை சிரித்தாலும் நெஞ்சு இடிக்கும்.

"சிம்ப்ளி, சேர்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? 'சும்மா' என்ற நம்முடைய சொல்லை நான் அவசரத்தில் ஆங்கிலமாக்கியிருந்தேன்.

"இந்த பிளாசாவை மூன்றாவது தரம் கடக்கிறீர்கள்" என்று பக்கத்துக் கடைத்தொகுதியைக் காட்டினார்.

புதிய சட்டம். டொரொன்டோவை ஒட்டிய எங்கள் சிறிய நகரத்தில் இந்தக் கோடைக்கு மட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரே இடத்தை மூன்றாம் முறை காரில் கடந்தால், அதற்குக் காரணம் இருக்கவேண்டும். கடை, வேலை, ஆஸ்பத்திரி என்றால் சரி. சும்மா என்றால் அபராதம்! முதல் தடவை என்பதால் எனக்கு எச்சரிக்கைத் துண்டோடு விட்டார்.

அவர் போனபின் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். மகள் ஆரணி சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். அவர் தட்டியபோது அவள் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தாள். "அம்மா, அந்த பஸ்ஸிலை எனக்கு…" அவ்வளவுதான் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, சொல்லு."

"நத்திங். வீட்டை போவம்."

அந்த வசனத்துக்காக நான் நான்கு மாதம் காத்திருந்தேன்.

சொல்கிறேன். பங்குனியில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. உங்கள் மகள் மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை என்றார்கள். பிழையான நம்பர் என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அனுப்புகிறேனே… பின்னேரம் வெறும் பெட்டியோடு வருகிறாளே!

போனவள் பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பு வரை போய், திரும்ப ஏறி, திரும்பப் போய்… மூன்று கிழமையும் அப்படியே சுற்றியிருக்கிறாள். சோற்றையும் பஸ்ஸிலேயே சாப்பிட்டிருக்கிறாள். யாரோடும் ஒரு சொல் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை.

உளநல ஆலோசகரிடம் போகிறாள், வருகிறாள். வீட்டில் நான் ஏன் என்று வாயைத் திறந்தால் அறைக் கதவு சாத்தப்படும். ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் வீதிக்குத் திரும்பும் முடக்கு வந்ததும் அவளாகவே சொன்னாள்: "அம்மா, இன்னுமொரு ரவுண்ட் போவமா?"

போனோம். அந்த ரவுண்டில் இரண்டு வசனம் கதைத்தாள். அடுத்த கிழமை நான்கு.

காரில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பேரும் வீதியைப் பார்க்கலாம். கார் நின்றால் கதையும் நின்றுவிடும். ஆகவே நான் நிறுத்துவதில்லை. பெரிய வீதியால் போய், பிளாசாவைச் சுற்றி, பூங்கா வழியாக வந்து, மறுபடி பெரிய வீதி. இது காரணம் இல்லையா? எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் இதை நான் எழுதுவது?

இனி வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லவேண்டும். இந்தத் தடை கேட்டுப் போன மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

போன வருடம் நான்கு வீடு தள்ளி இருக்கும் சிவம் அண்ணை கொண்டுவந்தார். சனி, ஞாயிறுகளில் பெடியள் சைலன்சரை உறுமவிட்டு ஓடுகிற சத்தம் எனக்கும் தலையிடிதான். வாசிக்காமலே போட்டேன். எச்சரிக்கைத் துண்டோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"உது உங்களைப் போல ஆக்களுக்கில்லை, தங்கச்சி. உவங்களுக்கு, உந்தச் சத்தம் போடுற பெடியளுக்கு" என்றார்.

"சட்டத்திலை 'உவங்கள்' எண்டு எழுதியிருக்கோ அண்ணை?"

"பொலிசுக்கு ஆளைப் பாத்தாத் தெரியும்தானே."

"என்னைப் பாத்துத்தானே மறிச்சவர்!"

அண்ணை கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இருங்கோ, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நியாயம் முடிந்துபோனால் எங்கள் ஆட்களிடம் தேநீர்தான் மிஞ்சும்.

உறுமுகிற சைலன்சருக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. வேகத்துக்கு இருக்கிறது. ரேஸ் ஓடுகிறவனுக்கு இருக்கிறது. அவர்களைப் பிடியுங்கள், நானே கைதட்டுகிறேன். அதைச் செய்யச் சோம்பல்பட்டு, சுற்றுகிற எல்லோரையும் மறிப்பது என்ன நியாயம்? சத்தமில்லாமல், வேகமில்லாமல் சுற்றுகிற அந்தப் பெடியன்களுக்கும் வீட்டில் சொல்லமுடியாத ஒரு வசனம் இருக்கலாமே… ஆரணிக்கு முன் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருக்கவேண்டும்.

"கோயிலிலை மூண்டு தரம் சுத்தினா புண்ணியம், பிளாசாவிலை சுத்தினா ஃபைன்" என்கிறார் என் கணவர். அவருக்குப் பகிடி. எனக்கு இல்லை.

தடையை நிரந்தரமாக்குவதா என்று நாளை, செவ்வாய்க்கிழமை, நகரசபையில் வாக்கெடுப்பு. மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். பேசுவதற்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் தருவார்களாம்.

நேற்று மறுபடி ஞாயிறு. ஒரு கிழமையாக ஆரணி 'ம்', 'ஓகே' தவிர எதுவும் பேசவில்லை. நான் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தேன். படியில் நின்றாள்.

"அம்மா, அந்த ரூல்?"

"பாண் வாங்கப் போறம். கடைக்குப் போறது காரணம்தானே?"

"வீட்டிலை பாண் இருக்கே."

"அது பழசு."

முதல் ரவுண்டில் பிளாசா பேக்கரியில் ஒரு பாண் வாங்கி, பற்றுச்சீட்டைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவது ரவுண்டில் இன்னொன்று. மூன்றாவது தரம் பிளாசா வந்தபோது அவளே கதவைத் திறந்தாள். "இருங்கோ, நான் வாங்கிறன். கடைக்கார அன்ரி உங்களை ஒரு மாதிரிப் பாக்கிறா. லைக், திஸ் இஸ் கிரேஸி, அம்மா!"

சிரித்தாள். பங்குனிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நேற்றுத்தான் கேட்டேன்.

நான்காவது ரவுண்டில், நான்காவது பாணோடு பூங்காவைக் கடக்கும்போது, வீதியைப் பார்த்தபடியே தொடங்கினாள். "அந்த பஸ்ஸிலை எனக்கு…"

அதற்குப் பிறகு அவள் சொன்னது இந்தப் பத்திக்கானது அல்ல. அது எனக்குரியது.

பற்றுச்சீட்டுகளையெல்லாம் நாளைக்கு எடுத்துப் போகிறேன். காரணம்தானே கேட்கிறார்கள்?

குசினி மேசையில் பழையதோடு சேர்த்து ஐந்து பாண் கிடக்கிறது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.