அம்மாள் வந்ததாகச் சொன்ன வெள்ளிக்கிழமை

பார்மசி டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்த முதல் வாரமே வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். அம்மாவின் பிரஷர் குளிசை எந்த வகை, அப்பாவின் கொழுப்புக் குளிசை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். ஒரு விஷயம் அரைவாசி விளங்கினாலே போதும், அதை யாருக்காவது சொல்லிவிட வேண்டும் எனக்கு.

படிப்பின் கடைசித் தவணையில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் பிளேஸ்மென்ட் என்ற வேலைப்பயிற்சி செய்ய வேண்டும். அதை முடித்தால்தான் பரீட்சை, பரீட்சை முடிந்தால்தான் டெக்னீஷியன் என்ற பதிவு. கடைக்குள் கால் வைப்பதற்கு முன் கொலிஜுக்குத் தடுப்பூசி விபரம் கொடுக்க வேண்டும், குற்றப் பதிவு ஒன்றும் இல்லை என்று காட்டும் பொலிஸ் செக் கொடுக்க வேண்டும். அதுவும் சாதாரண பொலிஸ் செக் இல்லை. பிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள் பக்கத்தில் வேலை செய்யப் போகிறவர்களை இன்னும் கிண்டிப் பார்க்கிற ஒன்று.

மல்வேர்னில் ஒரு பிளாசாவுக்குள் தமிழ் அண்ணை ஒருவர் நடத்தும் பார்மசியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பில் பலர் இடம் தேடி மின்னஞ்சல் எழுதிக் களைத்துப்போயிருந்த நேரம் அது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். திங்கட்கிழமை தொடங்கவிருந்தேன். அதற்கு முந்திய வியாழக்கிழமை அண்ணை கடையை ஒருக்கால் வந்து பார்க்கச் சொன்னார். பொலிஸ் செக் வரும்வரை கவுண்டருக்கு உள்ளே விட முடியாது என்றார். அதனால் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கதிரையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன்.

பக்கத்துக் கதிரையில் வயிற்றில் பிள்ளையோடு ஒரு அக்கா. இரும்புச்சத்துக் குளிசைக்காகக் காத்திருந்தார். அதைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம், தோடம்பழச் சாறோடு குடியுங்கள் என்று ஆரம்பித்தவன், அவருடைய பெயரைக் கூப்பிடும்வரை நிறுத்தவில்லை. அவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார். அண்ணை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை என்னைப் பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொலிஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் வந்து விரலடையாளம் கொடுக்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகுதான் முடிவு, அதற்குச் சில கிழமைகள் எடுக்கும்.

ஏன் என்று தேடி வாசித்தேன். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, பிறகு சட்டப்படி மன்னிப்பும் பெற்றவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள ஒருவனின் பிறந்த தேதி உங்களுடைய தேதியாகவும் இருந்து, நீங்களும் ஆணாக இருந்தால், நீங்கள் அவன் இல்லை என்று காட்ட விரலடையாளம் கேட்பார்கள். வெறும் தேதிப் பொருத்தம். எத்தனையோ பேருக்கு நடப்பது. எனக்கு அது சுவாரசியமாகக்கூட இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, பட்டியல் என்ன, யார் அதில் இருப்பார்கள், பொருத்தம் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒன்றும் விடாமல் விளக்கினேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என் விளக்கத்தில் அவருக்கு மிஞ்சியது பொலிஸ், கைரேகை, அப்படிப்பட்டவர்களின் பட்டியல் என்ற மூன்றும்தான்.

"உந்தக் கதை வீட்டுக்கு வெளிய போகப்படாது," என்றார். பிறகு, "அந்த அண்ணைக்கு என்ன சொல்லப்போறாய்?"

உள்ளதைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கும் உடம்பு கூசத் தொடங்கியது. அண்ணையின் மனைவியும் எங்கள் சித்தியும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். பட்டியல் என்ற சொல் அங்கே போய்ச் சேரும், என் விளக்கம் கூடவே போகாது.

அம்மா கண்டுபிடித்த வழி எங்கள் ஆட்களுக்கு மட்டும் தோன்றக்கூடியது. அம்மாள் வருத்தம். சின்னம்மையைத்தான் அப்படிச் சொல்வோம், அம்மனே வந்து இறங்கியிருக்கிறாள் என்ற எண்ணத்தில். காய்ச்சல் என்றால் யாராவது சூப் காய்ச்சிக்கொண்டு பார்க்க வருவார்கள். கால் முறிந்தது என்றால் பழப்பையோடு வந்து, எப்படி விழுந்தாய் என்று ஒரு மணித்தியாலம் விசாரிப்பார்கள். அம்மாள் வந்த வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், துருவிக் கேட்கவும் மாட்டார்கள். போக விருப்பமில்லாத ஒரு சாமத்தியவீட்டு விழாவைத் தட்டிக்கழிக்க அம்மா முன்பொருமுறை தங்கச்சிக்கு அம்மாளை வரவழைத்திருக்கிறார்.

"தம்பிக்கு இண்டைக்குக் காலமை அம்மாள் வந்திட்டா," என்று போனில் அண்ணையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். விரலடையாளத்தின் முடிவு வரும்வரை நேரம் கிடைத்துவிட்டது, கெட்டித்தனம்தான் என்றுகூட நினைத்தேன். சின்னம்மை எப்படிப் பரவும், யாருக்கு ஆபத்து என்று வகுப்பில் படித்து நல்ல புள்ளியும் எடுத்தவன் நான். அதில் ஒரு வரியும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணை என்னுடைய நம்பருக்கே எடுத்தார். சுகம் விசாரித்தார். பிறகு, "தடுப்பூசி போட்டனி எண்டு கொலிஜ் எழுதியிருக்கு. போட்ட ஆக்களுக்கும் சிலவேளை வரும்தான். முதல் கொப்புளத்தை எப்ப கண்டனி?"

"நேற்றுக் காலமை," என்றேன்.

"அப்ப வியாழக்கிழமை இஞ்ச இருக்கேக்கையே உன்னட்ட இருந்து பரவத் தொடங்கியிருக்கும். அந்தக் கர்ப்பிணிப் பிள்ளை உனக்குப் பக்கத்திலயெல்லோ இருந்தது."

அவர் அடுத்துச் சொன்னதை நான் நின்றபடியே கேட்டேன். அம்மா போனை வைத்தவுடனேயே அவர் அந்த அக்காவுக்கு எடுத்து எச்சரித்திருக்கிறார். ஒருமுறை சின்னம்மை வந்த கர்ப்பிணிக்குப் பயமில்லை. வராதவருக்குத் தொற்றினால் அவருக்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அதற்கான ஊசியைச் சில நாட்களுக்குள் போட வேண்டும். தனக்குச் சின்ன வயதில் வந்ததா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வன்னியில் போருக்குள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வளர்ந்தவர். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கேட்டுப்பார்க்க ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார்.

அப்போதுகூட என் மூளை தேதிகளோடுதான் ஓடியது. முதல் கொப்புளம் இன்றைக்குத்தான் வந்தது என்று மாற்றிச் சொன்னால் வியாழக்கிழமை தப்புமா? தப்பாது, கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாட்கள் முன்பே பரவத் தொடங்கிவிடும் என்று தெரிந்தது. இதை எழுதும்போதும் என்னை அதிகம் கூச வைப்பது அந்தக் கணக்குத்தான். வழி ஏதும் இல்லை என்று கண்ட பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணை, எனக்கு அம்மாள் வரேல்லை."

"என்ன?"

"பொய் சொன்னனாங்கள். பொலிஸ் செக்குக்கு விரலடையாளம் கேட்டிட்டாங்கள். அதைச் சொல்ல வெக்கமா இருந்தது."

கடைக்குள் லேபல் அடிக்கும் பிரிண்டரின் சத்தம் கேட்டது. "உதுக்கே?" என்றார். சத்தம் போடவில்லை. "போனை வை. நான் அந்தப் பிள்ளைக்கு எடுக்கவேணும்."

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். கட்டிலில் இருந்துவிட்டார். "வயித்தில பிள்ளையோட ஒருத்தி இருந்தவ எண்டு நீ எனக்குச் சொல்லேல்லையே," என்றார். நான் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லுகிற நான் அதை மட்டும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அண்ணை ஒரு செய்தி அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை அக்கா கடைக்கு வருவார், நீயும் வந்து அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல். அம்மாவும் வெளிக்கிட்டு வந்தார்.

கடையில் அக்காவைக் கண்டவுடன் அம்மா என்னை முந்திக்கொண்டு போனார். "நான்தான் பிள்ளை சொன்னது. இவனுக்கு ஒண்டும் தெரியாது."

அதுவும் பொய். நான் அதை உடனே திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. மருந்து வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் கை பையின் பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "இல்லை அக்கா, அம்மா கதைக்கேக்க நானும் பக்கத்திலதான் நிண்டனான்," என்றேன். உடனே பட்டியல், பிறந்த தேதி, பொருத்தம் என்று பழையபடி விளக்கத் தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடு தம்பி. பொய் எண்டு அண்ணை சொன்ன பிறகும் நான் ரத்த முடிவைக் கேட்டனான். எனக்குச் சின்னனில வந்திருக்காம்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "அப்ப ஆரோ என்னை வேப்பிலையில கிடத்திப் பாத்திருக்கினம் என்ன, அன்ரி. எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கிடைத்துவிட்டது போன்ற அவருடைய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், பற்பசைகள் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முடிவு வரும்வரை அவர் எப்படி இருந்திருப்பார் என்று யாரும் அங்கே சொல்லவில்லை.

அக்கா போன பிறகு அண்ணை என்னைக் கவுண்டர் ஓரத்துக்குக் கூப்பிட்டார். விரலடையாளத்தின் முடிவு வந்தவுடன் தொடங்கலாமா என்று அவசரப்பட்டுக் கேட்டேன்.

"பேப்பர் வரும். அதில பிழை ஒண்டும் இராது எண்டு எனக்குத் தெரியும். அதில்லை கதை. அவ விட்டிட்டா, நான் விடேலாது தம்பி. நான் தேதி கேட்டனான், நீ நேற்று எண்டனி."

என்னைப்பற்றிக் கொலிஜுக்குத் தான் ஒன்றும் எழுதப்போவதில்லை என்றும், இங்கே என்னை எடுக்காததன் காரணத்தை நானே சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, காத்திருந்தவர்களைக் கவனிக்கப் போனார்.

கொலிஜில் சொன்னேன். படிப்பு ஒரு தவணை பின்னுக்குப் போனது. பொலிஸ் செக் வந்தது, அதில் ஒன்றும் இல்லை. அடுத்த இடம் தூரத்தில், விட்பியில் கிடைத்தது. பஸ், ரயில், திரும்பவும் பஸ்.

சித்தி போனில் எடுத்து, பக்கத்தில் மல்வேர்ன் இருக்க ஏன் இவன் விட்பிக்கு ஓடுகிறான் என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அம்மா வாயைத் திறந்தார். ஏதோ ஒன்று அவருக்குத் தயாராக இருந்தது தெரிந்தது. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

"சித்தி, பொலிஸ் செக்கில என்னட்ட விரலடையாளம் கேட்டவை," என்று தொடங்கினேன். இந்த முறை மெதுவாகச் சொன்னேன், அக்காவின் இடம் வந்தபோது இன்னும் மெதுவாக. அம்மா அறையை விட்டுப் போகவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முழுவதையும் கேட்டபடி நின்றார்.