மேனேஜருக்குப் புள்ளி இல்லை

கம்பெனியில் எல்லாரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜருக்கு உண்டான லட்சணம் ஒன்றும் அவரிடம் கிடையாது. நகக்கண்ணில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதினாறு வருஷமாகக் குளிர்பதன அறைகளை ரிப்பேர் செய்கிற ஆள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக்குகள் சங்கம் ஆரம்பித்தார்கள். இவர்தான் முன்னால் நின்றார். அந்த வாரமே முதலாளி இவருக்கு ஒரு மேஜை போட்டு, அதன்மேல் பித்தளைப் பெயர்ப்பலகை வைத்தார். மேனேஜர் சங்கத்தில் சேர முடியாது அல்லவா? கூட நின்றவர்களை மறந்துவிட்டு இந்த மனுஷன் உச்சி குளிர்ந்து போய் உட்கார்ந்தார்.

அந்தப் பலகைதான் இப்போது கழுத்தை அறுத்தது.

கையில் வேலை உத்தரவு இல்லாவிட்டாலும் தொழில் தெரிந்தால் குடியேற வா என்று ஒரு நாடு கூப்பிட்டது. வயது, படிப்பு, மொழி, அனுபவம், எல்லாவற்றுக்கும் புள்ளி. மனைவி கூட்டிப் பார்த்தாள், சரியாகத் தேறியது. ஆனால் நாற்பது வயது ஆகிவிட்டால் வயதுப் புள்ளி குறைந்துவிடும். நாற்பதுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அனுபவக் கடிதம் கேட்டதற்கு முதலாளி, 'எங்கள் மேனேஜர், அலுவலக நிர்வாகம் முழுவதும் இவர் பொறுப்பு' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நாட்டுப் பட்டியலில் குளிர்பதன மெக்கானிக்குக்கு இடம் இருந்தது. இந்த மேனேஜருக்கு அரைப் புள்ளிகூட இல்லை.

"இத்தனை வருஷம் ஸ்பானர் பிடிச்சது யாரு, அந்தப் பலகையா?" என்றாள் மனைவி. "போய் மாத்தி வாங்கிட்டு வாங்க."

முதலாளி மாற்றவில்லை. "மெக்கானிக்னு எழுதினா நாளைக்கே சங்கத்துக்காரன் அதைத் தூக்கிட்டு வருவான். அப்ப எதுக்கு மேனேஜர் ஆக்கினேன்னு கேப்பான். உனக்கு மரியாதை கொடுத்தது தப்பாப் போச்சா?"

மரியாதையாம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடிதம் இல்லாவிட்டால் வேறு சான்று காட்டலாம் என்று விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் சொன்னார்கள். ஒவ்வொரு குளிர் அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு சர்வீஸ் கார்டு தொங்கும். வேலை செய்தவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் கிடங்கு கிடங்காக அலைந்து புரட்டினார். எழுத்தெல்லாம் இவருடையது. கையெழுத்து மட்டும் சைலன்சருடையது. வாயே திறக்காத கூட்டாளி என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மேனேஜர் போய் மெக்கானிக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவதா என்று கௌரவம் பார்த்து, இவரேதான் அவரைப் போடச் சொன்னார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கார்டுகளை நகல் எடுத்துக்கொண்டு சைலன்சர் போன வருஷமே அதே நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிடங்கு வாசலில் நின்று தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார். முதலாளி வைத்தது ஒரு பலகை. மிச்ச முட்டாள்தனம் முழுக்கத் தன்னுடையது. அதை நினைக்க நினைக்கத்தான் கோபம் தலைக்கேறியது.

பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில் முதலாளி போன் செய்தார்.

"மேனேஜர், ஐஸ்கிரீம் கிடங்குல மெஷின் நின்னுபோச்சு. நம்ம பசங்க எவனாலயும் முடியல. நீங்க வந்தாத்தான் ஆகும்."

முதலாளி 'நீங்க' போட்டுப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"எனக்கு அலுவலக நிர்வாகம்தான் சார் தெரியும். நீங்கதான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கீங்க."

"விளையாடாதீங்க. சரக்கு உருகிடும்."

"மெக்கானிக் வேணும்னா அப்படி ஒருத்தன் உங்ககிட்ட பதினாறு வருஷமா இருக்கான்னு எழுதிக் கொடுங்க சார். வாங்கிட்டு அப்படியே வேலைக்குப் போறேன்."

இவர் போனை வைக்கவில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் அந்த அறை நாலு மணி நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுத அது தாராளம்.