பேர் தெரியாத பாட்டுகளோடு ஒரு கல்யாணம்

நமுனுகுல பக்கம் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். அன்று காலையில் கரண்ட் போனபோது என் லெப்டொப்பிலிருந்து பாட்டுகள் பென் டிரைவுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அந்த லெப்டொப்பின் பெட்டரி செத்து நெடுநாள். வயரில் கரண்ட் இருந்தால்தான் அதற்கு உயிர். திரை பட்டென்று கறுத்தது.

மத்தியானம் பதுளையில் ஒரு கல்யாணம். அதற்கு நான்தான் டிஜே.

கொழும்புக் கடை வேலைக்குப் போனவள் இதையா படித்துவிட்டு வந்தாள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் கேட்டார்கள். ஆமாம், இதைத்தான் படித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் சடங்கு வீடு, பிறந்தநாள், திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனேன். கூப்பிடாத இடங்களுக்கும் போய், "நான் பாட்டுப் போடுறேன், எனக்குக் குடுங்க" என்று கேட்டேன். எனக்கென்று இருந்தது அந்த லெப்டொப், ஒரு ஹெட்ஃபோன், பாட்டுகள் நிறைந்த ஒரு ஹார்ட் டிஸ்க். பென் டிரைவிலிருந்து பாட்டை எடுத்துக் கலக்கும் மெஷின்களும் ஸ்பீக்கர்களும் பதுளை டவுனில் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் ஒருவருடையவை. அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்கு என்னை ஆகாது. கல்யாணப் பெண் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது டீச்சர். அவள் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்ததும் லெப்டொப்பைத் திறந்தேன். பாட்டு நூலகம் பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்றது திரை. எந்தப் பாட்டு என்ன வேகம், தாளம் எங்கே விழுகிறது, எந்த வரியில் வெட்டி அடுத்ததற்குத் தாவ வேண்டும் என்று வருஷக்கணக்காக நான் குறித்து வைத்ததெல்லாம் அந்த நூலகத்துக்குள்தான் இருந்தது. பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வழியில்லை.

கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா வாசலில் நின்று, "போன் போட்டு முடியாதுன்னு சொல்லிரேன்டி" என்றார்.

"ஏம்மா? செத்தா போயிட்டேன்?"

எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

கல்யாண ஹோலில் அண்ணன் ஸ்பீக்கர் அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே, "என்னா தங்கச்சி, ஏதும் கொளறுபடியா?" என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பண்டாரவளையில நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். கூப்பிட்டா ஓடி வந்துருவான். நீ பேசாம பொண்ணுகூடப் போய் நின்னு போட்டோ எடு."

"பொண்ணு வர்ற வரைக்கும் நேரம் இருக்கு. நான்தான் போடுவேன்."

"எதை வச்சுப் போடுவ?"

மேடைக்குப் பின்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கோபத்தில் தலை சூடாக இருந்தது. ஆனால் அந்தக் கோபம்தான் என்னை ஒழுங்காக யோசிக்க வைத்தது. முதலில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு பாட்டைச் சாதாரணமாகத் தட்டிப் பார்த்தேன். பாடியது. இன்னொன்று, அதுவும் பாடியது. ஆக, பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது அவற்றின் விவரம் மட்டும்தான். மென்பொருள் தானாகவே அவ்வப்போது நூலகத்தின் நகல் ஒன்றை ஒதுக்கி வைக்கும் என்பது நினைவுக்கு வந்தது. பழுதானதை அழிக்காமல் பேரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய நகலை அதன் இடத்தில் வைத்தேன். நூலகம் திறந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ஆச்சரியக்குறி. பாட்டைக் காணவில்லையாம். ஹார்ட் டிஸ்க்கை வேறொரு துளையில் குத்தியதில், கம்ப்யூட்டர் அதற்கு D, E என்று வைக்கும் அடையாள எழுத்தை மாற்றியிருந்தது. மென்பொருளோ பாட்டுகளைப் பழைய எழுத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்ததும் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பென் டிரைவ் மட்டும் மசியவில்லை. ஏற்றும்போதெல்லாம் பாதியில் நின்றது. அதை முழுதாக அழித்துப் புதுசாக்கி மறுபடி ஏற்ற ஆரம்பித்தபோது வெளியே வெடி வெடித்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள்.

நூலகத்தோடு சேர்த்து ஏற்ற நேரமில்லை. ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பாட்டுகளை மட்டும் சும்மா நகல் எடுத்துப் பென் டிரைவில் போட்டு மெஷினில் குத்தினேன். விவரம் இல்லாததால் மெஷினுக்கு எந்தப் பாட்டின் வேகமும் தெரியாது. இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றாக்கும் சிங்க் பட்டன் வேலை செய்யாது. அதைவிட மோசம், நான் எல்லாப் பாட்டுக்கும் தமிழில் பேர் வைத்திருந்தேன். அந்தப் பழைய மெஷினுக்குத் தமிழ் தெரியாது. திரை முழுக்க எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இங்கிலீசுல பேர் வைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!" என்றபடி தன் போனை ஸ்பீக்கர் வயரில் மாட்டக் கையை நீட்டினார்.

"கைய எடுங்கண்ணே."

"வெளையாடாத. வாசல்ல நிக்கிறாங்க."

"கைய எடுங்க."

எடுத்தார். ஹெட்ஃபோனைக் காதில் வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தட்டினேன். சோகப் பாட்டு. சாமி பாட்டு. அடுத்தது ஒரு குத்து. வாசலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பொண்ணு கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தாள். எனக்கு வியர்த்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. கிடைத்தது. உள்ளே வரும்போது போடச் சொல்லி அவள் கேட்டிருந்த பாட்டு. சத்தத்தை ஏற்றினேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் காதுதான். ஒரு பாட்டு வெளியே ஓடும்போது அடுத்ததை ஹெட்ஃபோனில் தேடி, வேகத்தை விரலால் கூட்டிக் குறைத்து, தாளத்தோடு தாளம் உட்காரும் இடம் பார்த்துத் திறந்துவிட்டேன். ஒரு தடவை இரண்டு தாளமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு படியில் உருளும் தகரம் மாதிரிக் கேட்டது. முன்வரிசையில் யாரோ முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அடுத்ததில் எங்கள் தோட்டத்துத் தப்பு மேளத்தைக் கலந்தேன், நானே போனில் பதிவு செய்தது. நமுனுகுலயிலிருந்து வந்திருந்த பெண்கள் சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் கோட் போட்ட பெரியவர் ஒருவரும் ஆடினார். பொண்ணு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

முடிந்து வயர்களைச் சுருட்டும்போது அண்ணன் சொன்னார்: "இன்னைக்கு ஏதோ அதிர்ஷ்டம். இதெல்லாம் பொம்பளைங்களுக்குச் சரிவராது."

"அடுத்த கல்யாணத்துக்கும் வந்து பாருங்க" என்றேன்.

அடுத்த கல்யாணத்துக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. மெஷின் தரவும் மாட்டேன் என்றார். சில மாதம் பதுளை ஹோல்களில் எனக்கு வேலையே இல்லை. அந்தக் கல்யாணத்தில் ஆடிய பெண்களில் ஒருத்தி பசறையில் தன் மகளின் சடங்குக்குக் கூப்பிட்டாள். அங்கே சவுண்ட் செட் வைத்திருந்த அக்கா ஒருத்தர் தன் மெஷினைத் தந்தார். இப்போது அவரும் நானும் சேர்ந்துதான் போகிறோம்.

நூலகத்தின் நகலை இப்போது இரண்டு இடத்தில் வைக்கிறேன்; கரண்ட் போனாலும் நிற்காத பெட்டரியும் வாங்கிவிட்டேன். பாட்டுகளுக்குப் பேர் மட்டும் இன்னும் தமிழில்தான் வைக்கிறேன். மெஷினுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அது கற்றுக்கொள்ளட்டும்.